இரண்டு ஸ்பூன் கோதுமைக் கரு

இசக்கிமுத்துவின் உள்ளங்கைக்கு நெய்வேலியில் தனி மரியாதை உண்டு. வெட்டி எடுத்த லிக்னைட் நிலக்கரியைக் குவித்து வைக்கும் யார்டில் அவருக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். குவித்த லிக்னைட் யாரும் நெருப்பு வைக்காமலே உள்ளுக்குள் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே தொட்டுப் பார்ப்பதும், சூடு தெரிந்தால் தண்ணீர் அடிப்பதும்தான் அங்கே வேலை. தெர்மாமீட்டரும் இருந்தது. அது சரியாகக் காட்டுகிறதா என்று இசக்கிமுத்துவின் கையில் வைத்துப் பார்ப்பார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கைகுலுக்கியபோது, "சார், நூத்தியொண்ணு இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்றார். போனார், டைபாய்டு. இதற்கு அந்த ஷிப்டில் பதினாறு பேர் சாட்சி. அவர்களில் நாலு பேர் அன்றைக்கு லீவு.

அந்தக் கைக்கும் பிடிபடாமல் இருந்தது மனைவி தனபாக்கியத்தின் உடம்பு. குடலில் ஒரு கட்டி. சாதுவான கட்டிதான், ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. முப்பத்தாறு கிலோ. "நாப்பது வரட்டும், தேதி குறிக்கலாம். ரொம்ப நாள் தள்ள முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

மகள் ஹரிணி கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். போனில் சொன்னாள்: "அப்பா, கோதுமை மணிக்கு அடியில ஒரு துளி கரு இருக்கும். முளை அதுலருந்துதான் வரும். அதை வறுத்துச் சாப்பிட்டா நூறு கிராம்ல ஏறத்தாழ முப்பது கிராம் புரோட்டீன். துத்தநாகம், ஃபோலேட், வைட்டமின் ஈ எல்லாம் உண்டு. அம்மாவுக்குத் தினம் ரெண்டு ஸ்பூன் கஞ்சியில போடுங்க. ஆனா ரெண்டு ஸ்பூன்ல நாலு கிராம்தான் வரும். முட்டை, பருப்பு, பால் எதையும் நிறுத்திராதிய."

இசக்கிமுத்து முப்பது கிராம் வரைக்கும் கவனமாகக் கேட்டார்.

யார்டில் அவரோடு கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தனகோட்டிக்குப் பக்கத்து ஊரான வடக்குத்து. அவன் மச்சான் ஒரு மைதா மில்லில் இருந்தான். கருவில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்று மில்லில் அதைச் சலித்து ஒதுக்கித் தவிட்டோடு அனுப்பிவிடுவார்கள்.

"மாடு துன்றதுண்ணே அது" என்றான் தனகோட்டி.

"மாடு எத்தனை கிலோ இருக்கும்?"

"முந்நூறு இருக்கும்."

"கொண்டா."

முதலில் ஒரு கிலோ வந்தது. இசக்கிமுத்து வாணலியில் பொன்னிறமாக வறுத்து, டப்பாவில் அடைத்து, ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தன் கையாலேயே கஞ்சியில் இரண்டு ஸ்பூன் கலந்து வைத்துவிட்டுப் போனார். திங்கள்தோறும் மருந்துக்கடை எடை மெஷினில் அவளை ஏற்றினார். முப்பத்தாறு. அடுத்த திங்கள் முப்பத்தாறு. மூன்றாவது திங்கள் முப்பத்தைந்தரை. மெஷின் பழுது என்று தான் ஏறிப் பார்த்தார். அவர் இரண்டு கிலோ கூடியிருந்தார்.

யார்டில் முப்பத்தோரு வருடம் இருந்தவருக்கு டன்னுக்குக் கீழே எதுவும் சரக்காகத் தெரியாது. அளவுதான் பற்றவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டையே வரவழைத்தார். காலையிலிருந்து வறுத்தார். வறுத்ததைச் சூட்டோடு சூடாகச் சாக்கில் கொட்டி இறுக்கிக் கட்டிப் பின்கட்டில் நிறுத்தினார். சாயங்காலம் போகிற போக்கில் சாக்கினுள் கையை விட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் கொதிக்கிறது!

யார்டில் இதற்கு யோசிக்கிற வழக்கமில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மேலிருந்து அடித்தார். சூடு தணிந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து தனகோட்டியும் கூடவே வந்தான். வாசலைத் தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாண்ணே இது, எலி கிலி செத்துகினு கெடக்குதா வூட்டுல?"

இசக்கிமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடக் கரித்தூளில் அவர் மூக்கு எப்போதோ வி.ஆர்.எஸ். வாங்கியிருந்தது. தனகோட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே போய்ப் பின்கட்டில் சாக்கின் வாயை அவிழ்த்தான். அவர் தினமும் விடியுமுன் இருட்டில் கைவிட்டு அள்ளிய இடம் பச்சையாக, மயிர் முளைத்துக் கிடந்தது. கையை வைத்தார். ஈரச்சூடு. பிணத்துக்குக் காய்ச்சல் வந்ததுபோல்.

"திங்கள்லருந்து இதைத்தாம்டே கொடுத்தேன்" என்றார். "அஞ்சு நாளு. என் கையால."

"நான் போயி ஆட்டோ இட்டுகினு வரேன்" என்று தனகோட்டி ஓடினான்.

தனபாக்கியம் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். இசக்கிமுத்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அவளைவிடத் தாழ்ந்து உட்கார்ந்தது கிடையாது.

"பாக்கியம், வயித்தை வலிக்கா? வாந்தி வருதா?"

"இல்லையே. ஏன்?"

"சாக்குல தண்ணிய அடிச்சுட்டேன். பூசணம் புடிச்சுப் போச்சு. அதைத்தான் கஞ்சியில போட்டிருக்கேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் கறிவேப்பிலைக் காம்பைத் தட்டில் வைத்தாள்.

"நான் குடிக்கலை."

"இன்னைக்கா?"

"என்னைக்குமே. முத நாளுலருந்து. நீங்க பஸ் ஏறினதும் வேலியோரம் மயிலுக்கு ஊத்திருவேன். திங்கக்கெழமை வரைக்கும் அதுவும் நல்லாத்தான் தின்னுச்சு. செவ்வாய்க்கெழமை மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டு."

இசக்கிமுத்துவுக்கு இப்போது விளங்கியது. அவர்கள் குடியிருந்த பிளாக்கில் ஒரு மயில் போன மாதத்திலிருந்து மதில் மேல் பறக்கமாட்டாமல் கேட் வழியாக நடந்துதான் போய் வந்தது. அது ரோட்டைக் கடந்து முடிக்கிறவரை கம்பெனி பஸ் நின்று, இரண்டு நாள் எட்டு மணி ஜெனரல் ஷிப்ட் எட்டே காலுக்கு ஆரம்பித்தது. எல்லோரும் மயிலுக்கு வயசாகிவிட்டது என்றார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் பாக்கியம்?"

அவள் கறிவேப்பிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாப்பது ஆனா அறுப்பாவ" என்றாள். "முப்பத்தாறுலயே இருந்தா அறுக்க மாட்டாவல்லா."

"அது பெருசாகும்டி."

"தெரியும். நீங்க கஞ்சியக் கலக்கும்போதெல்லாம், கெடாவுக்குத் தழை கட்டுற மாரி இருக்கும் எனக்கு. உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன், பயமா இருக்குன்னு? ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு ஸ்பூனத் தேடப் போயிருதிய. ஹரிணியும் அதையேதான் சொல்லுதா, கிராம் கணக்கையும் சேத்து."

இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை. எலும்பு தெரிந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "சும்மா இருக்க முடியாமத்தான் வறுத்துக்கிட்டே கெடந்தேன்."

அவள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "வாங்கக்கா, வாங்க, டாக்டர் இருக்காராம், போன் போட்டுக் கேட்டுகினுதான் வந்தேன்" என்று தனகோட்டி மூச்சு வாங்கினான்.

"அவ திங்கலைடே" என்றார் இசக்கிமுத்து. "ஆட்டோவைத் திருப்பி அனுப்பு."

"அனுப்ப வேண்டாம்" என்று தனபாக்கியம் எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "அந்த டாக்டர்ட்ட இதுவரைக்கும் நீங்களும் மகளும்தான் பேசியிருக்கிய. நான் ஒரு வார்த்தை பேசலை. இன்னைக்கு நான் கேக்கணும்."

கேட்டாள். அறுத்தால் பிழைப்பேனா என்று நேராகவே கேட்டாள். இசக்கிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெரும்பாலானவர்கள் நல்லபடியாக எழுந்துவிடுகிறார்கள், எல்லோரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஒரு தாளில் குடலை வரைந்து எங்கே வெட்டுவார், எங்கே தைப்பார் என்று காட்டினார். எடை ஏறாவிட்டால் தையல் ஆறாது என்றார். அறுக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவள் கேட்டாள். அதற்கும் அவர் மறைக்காமல் பதில் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

தனகோட்டி டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள, ஆட்டோ வீட்டுக்குத் திரும்பியது. மார்க்கெட் அருகே வந்ததும் தனபாக்கியம் டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"முட்டைக் கடையில ஓரங்கட்டுங்க தம்பி."

இசக்கிமுத்து இறங்கப் போனார்.

"நீங்க இருங்க, நான் வாங்கிக்கிடுதேன்" என்றவள் முன்பக்கம் குனிந்தாள். "தனகோட்டி, உங்க மச்சான்ட்ட அரைக் கிலோ கேட்டுப் பாருங்க. அரைக் கிலோதான். நானே வறுத்து, ஆற வச்சு எடுத்துக்கிடுதேன்." பிறகு கணவரிடம், "நீங்க கிட்டயே வரப்பிடாது" என்றாள்.

இசக்கிமுத்து தலையாட்டினார். அவள் கடைப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள்.