பூண்டுக் கொட்டகையில் தேவசேனா

தேவசேனாவுக்கு நாற்பத்தேழு வயதுதான். கொடைக்கானலில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவள். ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அடுப்பை அணைக்காமல் வீட்டுக்கு வந்தாள். கவனம் போதவில்லை என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர்தான், இது மறதி நோய், சிலருக்கு இந்த வயதிலேயே வரும் என்றார்.

கணவன் ராஜமுருகன் வாடகை ஜீப் ஓட்டுபவன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்தான். “அறுபதுக்கு மேலதான் சார் சேப்போம்” என்றார்கள். வேறு வழியில்லாமல் சவாரிக்கு அவளையும் முன்சீட்டில் உட்காரவைத்துப் போனான். சவாரிக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒருநாள் பூம்பாறையில் அவன் டீ வாங்கித் திரும்புவதற்குள் தேவசேனா இறங்கிப் போய்விட்டாள். பதறித் தேடினான். எதிரே பூண்டுக் கொட்டகையில், பூண்டைப் பெரிது சிறிதாகப் பிரிக்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து பூண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கங்கக்கா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. பெருசு சிறுசு எல்லாத்தையும் கலந்துருவா.”

கொட்டகைக்காரி பெருமாயி நிமிர்ந்து பார்த்தாள். “கலந்தா கலந்துட்டுப் போகுது. பிரிக்க நாங்க இல்லையா? ஒடம்புக்கு என்னன்னு சொல்லிட்டு, ஒன் சோலியப் பாக்கப் போ தம்பி.”

சொன்னான். எதற்குப் பதறுவாள், என்ன பேசினால் சிரிப்பாள், கத்தியை மட்டும் தள்ளி வைக்கவேண்டும் என்பதையும் சொன்னான். இதுவரை யாரும் அவனிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

சவாரி தேடத்தான் கிளம்பினான். வழியில் ஜீப் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தான். நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். கடைக்கார மலைச்சாமி முடியை வெட்டி முடித்தும் அவனை எழுப்பவில்லை.

வெயில் சாயும்போது கொட்டகைக்கு ஓடிவந்தான். தேவசேனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு இது, புது மாப்பிள்ளையா?”

பெண்கள் சிரித்தார்கள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா என்று அவனுக்குப் புரியவில்லை. அவனும் சிரித்துவிட்டான்.

“நாளைக்கு வெள்ளனே கூட்டிட்டு வந்துரு” என்றாள் பெருமாயி.

மலைப்பாதையில் தேவசேனா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். யார் பெயரும் அவளுக்கு நினைவில்லை. சிவப்புச் சேலைக்காரி நல்லவள், ஓரத்தில் இருந்தவள் தும்மிக்கொண்டே இருந்தாள் என்றாள். ராஜமுருகன் ஜீப்பை மெதுவாக ஓட்டினான்.