குலுக்கக் கூடாத டப்பா

அந்த வீட்டில் கார்தான் மூத்தாள். இவள் மணமாகி வந்தபோதே அது கொட்டகையில் கரும்பச்சை நிறத்தில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. இவள் புருஷன் சர்வேயருக்கு அவருடைய பெரியப்பா கொடுத்த கார். "நான் இளையாள்தானே, மூத்தாளைக் கவனிச்சுட்டு வரட்டும்" என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அதில் பாதிதான் சிரிப்பு.

சர்வேயர் கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது, குழம்பில் உப்பு கூடினாலும் முகம் சுளிக்க மாட்டார். பேச்சும் கிடையாது, அவ்வளவுதான். வேலையில் இருந்தவரை நிலத்தை அளந்தார், வீட்டுக்கு வந்து வார்த்தையை அளந்தார். "சாப்பாடு." "சாவி எங்க?" "விளக்கை அணை." இதற்கு மேல் மனிதக் குரல் வேண்டுமென்றால் ரேடியோவைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அவளோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பகலெல்லாம் யார் யாரையோ பேசவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு. மகள் இருந்தவரை வீட்டில் கொஞ்சம் சத்தம் இருந்தது. அவளும் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டாள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. அது பிரேக் ஆயில் மாற்றும் நாள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். பழசை வடித்துப் புதுசை ஊற்ற வேண்டும், குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். இதை ஒற்றை ஆளாகச் செய்வது பெரும்பாடு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து ஸ்பானரால் திருகைத் திறந்து மூட வேண்டும். சர்வேயர் கை, இவள் கால்.

"அழுத்து."

"அழுத்திட்டேங்க."

"பிடி. விட்டுடாதே."

"விடலை."

"ம்... இப்ப விடு."

நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. நடுநடுவே சர்வேயர் பேசுவார். சதுப்பு நிலம் அளக்கப் போய்ச் செருப்பை இழந்தது, பெரியப்பா முதல்முதலாக இந்தக் காரை ஓட்டிக் கோழிக் கூண்டில் மோதியது, எல்லாம் வரும். தரையில் படுத்திருப்பவருக்கு அவள் முகம் தெரியாது, அதனால்தான் பேச்சு வந்ததோ என்னவோ. முகம் பார்க்காத குரலோடு ஒட்டிக்கொள்வது அவளுக்கும் பழகிய தொழில்தானே. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுவதும் காத்திருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

இதில் மண்ணைப் போட்டவர் ஒரு பல் டாக்டர். அவரிடமும் ஒரு பழைய கார் இருந்தது. போன வருஷம் ஒரு சொட்டு பிரேக் ஆயில் மட்கார்டில் பட்டுப் பெயிண்ட் உரிந்துபோனதில் சர்வேயர் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்ட டாக்டர், சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறச் சொன்னார். ஊதா நிறம். பெயிண்டைத் தின்னாது, ஈரத்தை உறிஞ்சாது, கொட்டகையிலேயே நிற்கும் காருக்கு ரொம்பத் தோது.

சர்வேயர் டாக்டரிடம் போனில் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பழைய ஆயிலோடு இது கலக்காது, ஆகவே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். ரப்பரெல்லாம் புதுசு போட வேண்டும். முக்கியமாக, டப்பாவைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்று பொடிப்பொடிக் குமிழியாகக் கலந்து லேசில் வெளியே வராது. பல் டாக்டர் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு சர்வேயர் அடுக்களை வாசலுக்கே வந்தார்.

"இந்த ஆயிலைப் போட்டா வருஷா வருஷம் மாத்த வேணாம். இந்த ஒரு தடவை அழுத்திக் குடுத்தா போதும். இனிமே உனக்குத் தொந்தரவு இல்லை."

ஏதோ நகை வாங்கி வந்தவர் மாதிரி முகத்தில் அத்தனை பெருமை. அவளுக்குப் பகீரென்றது. "சரிங்க" என்றாள். வேறென்ன சொல்வாள்?

கழுவுவது, ரப்பர் மாற்றுவது எல்லாம் முடிந்து ஆயில் ஊற்றும் நாளும் வந்தது. மேஜையில் இரண்டு டப்பாக்கள் தயாராக இருந்தன. சர்வேயர் கந்தல் துணி எடுக்க உள்ளே போனார். அவள் ஒரு டப்பாவை எடுத்தாள். மகளுக்கு இருமல் மருந்து கொடுக்கும் முன் குலுக்குவாளே, அப்படிக் குலுக்கினாள். பிறகு மற்றதையும் எடுத்துக் கை வலிக்கும்வரை குலுக்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"அழுத்து."

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. கீழே கண்ணாடிக் குழாயில் ஊதா ஆயில் சோடாவைப் போல நுரைத்து வந்தது. நாலு சக்கரம் முடிந்து மறுபடி முதல் சக்கரத்துக்குப் போனார்கள். மத்தியானம் போய் சாயங்காலம் ஆயிற்று. மறுநாளும் அதே கதை. அவளுக்குக் கால் கடுத்தது, ஆனால் உள்ளுக்குள் குதூகலம். சதுப்பு நிலம் வந்தது, கோழிக் கூண்டு வந்தது, இதுவரை கேட்டிராத ஒரு பாம்புக் கதையும் வந்தது. ஒரு கட்டத்தில் அவர் கேட்டார்:

"எக்ஸ்சேஞ்ச்ல உனக்குக் கால் வலிக்காதா?"

அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"உக்காந்துதாங்க வேலை."

"ஓ" என்றார். அவள் மேலே சொல்ல வாயெடுத்தாள். "அழுத்து" என்றார்.

பொழுது சாயும்போது அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயில் மேல குத்தமில்லை. என் கைதான் போச்சு. திருகை நேரத்துக்கு மூடத் தெரியலை. இதுதான் நான் பண்ற கடைசி வேலை."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாழாய்ப்போன ஆசை, நாளைக்கும் ஒரு தடவை கூப்பிடுவார் என்று நினைத்தது.

மறுநாள் காலையில் அவர் கூப்பிடவில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மூத்தாள் கொட்டகையை விட்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கங்க?"

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன். ரெண்டு மூணு மிதி மிதிச்சா பிரேக் பிடிக்குது. மெதுவாப் போனா சமாளிச்சுடலாம்."

அவர்கள் தெரு இறக்கமான தெரு. இறக்கம் முடியும் இடத்தில் லாரிகள் போகும் பெரிய சாலை. இரண்டு மூன்று மிதி மிதிக்க லாரி காத்திருக்காது. அவள் செருப்புகூடப் போடாமல் போய் பானெட்டுக்கு முன்னால் நின்றாள்.

"போகாதீங்க. டப்பாவை நான்தான் குலுக்கினேன்."

அவர் எஞ்சினை அணைத்தார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ஏன் குலுக்கினாய் என்று கேட்பார், கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நின்றாள். எத்தனையோ வருஷப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"எந்த டப்பா?" என்றார் அவர்.

"ரெண்டும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அப்ப என் கை இல்லை!"

கதவைத் திறந்து இறங்கி வந்தார். கோபமே இல்லை. குலுக்கினால் காற்று எப்படிக் கலக்கிறது, இந்த ஆயிலில் குமிழி ஏன் சீக்கிரம் மேலே வராது என்று பொறுமையாக விளக்கினார். எல்லாம் அவள் அடுக்களையில் நின்று கேட்டதுதான். புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டினாள். ஏன் என்ற கேள்வி மட்டும் வரவே இல்லை.

"ஒரு வாரம் அசையாம நிக்கட்டும், குமிழியெல்லாம் ஒண்ணு சேர்ந்துடும். அப்புறம் ஒரு தடவை அழுத்திக் குடு. பெடல் கல்லு மாதிரி ஆயிடும்."

"ஒரு தடவைதானாங்க?"

அவள் குரல் உடைந்ததை அவரும் கவனித்தார். கவனிக்காமல் இல்லை. எண்ணெய்க் கையைக் கந்தலில் துடைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத அன்போடு அவள் தோளில் தட்டினார்.

"ஒரே தடவைதான், பயப்படாதே. அதுக்கப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்."