தீவானை எந்த இதழிலிருந்து தொடங்குவது?

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் சூப்பர்ஹீரோ சித்திரக்கதைகளைப் புதிதாக வருகிறவர்கள் எந்த இதழிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று ஒரு சஞ்சிகைக்கு எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். முதலாம் இதழிலிருந்துதான் என்பது ஒரு கட்சி. முதலாம் இதழ் எப்போதும் கோணல்மாணலாக இருக்கும், கை தேறிய பிறகு வந்த இதழைக் கொடுங்கள் என்பது மறு கட்சி. இரண்டுக்கும் நடுவில் நின்று நான் நியாயம் பேசத் தொடங்கியபோது, ஜசிந்தா வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை போச்சு.

2

அவளை எங்கே தொடங்குவது?

[ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மாலை வெயில் பொன்னாய் உருகி— வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே வாசிக்கமாட்டேன்.]

[நாற்பது வயதாகியும் ஜசிந்தாவுக்கு இன்னும்— இதுவும் வேண்டாம். அவள் கண்ணில் பட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.]

வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஜசிந்தா தீவுப்பகுதி நாரந்தனைக்காரி, கடற்றொழில் குடும்பம். பகலில் ஆஸ்பத்திரி யன்னலில் நோயாளிகளுக்கு இலக்கத் துண்டு கொடுப்பாள். வீட்டுக்குப் போனால் சூப்பர்ஹீரோ படம் கீறுவாள். அவளுடைய நாயகன் நீரோட்டத்தைக் கையால் பிடித்துத் திருப்புவான். புயலில் அகப்பட்ட வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலடியில் நடப்பான். பதினான்கு வருடமாக அவனைக் கீறி, தானே அச்சடித்து, தானே விற்கிறாள். அறுபது இதழ் தாண்டிவிட்டது. வேறு யார் செய்திருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்! (எழுதுகிறவன் தன் பாத்திரத்தை நினைத்துப் பெருமைப்படக்கூடாது என்பார்கள். நான் படுவேன்.)

நாயகனின் பெயர் தீவான்.*

* தூரத்து வாசகருக்கு: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிலர் எங்களைப் போன்ற தீவுக்காரரை இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் இது. நாகரிகம் தெரியாதவன் என்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். எங்கள் நாகரிகம் அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

3

பிரியவதனி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த தாதி. யாழ்ப்பாண நகரத்திலிருந்து, எங்கள் பேச்சில் ரவுணிலிருந்து, தினமும் பஸ்ஸில் வருகிறவள். வந்த கிழமையே ஜசிந்தாவின் மீன்குழம்புக்கு அடிமையாகி, மத்தியானச் சாப்பாட்டை அவளோடு பங்குபோட்டுக்கொண்டாள். ஒருநாள் கேட்டாள்:

"அக்கா, உங்கட கொமிக்ஸை வாசிக்கோணும். எதிலயிருந்து துவங்கிறது?"

முதலாம் இதழ் ஜசிந்தாவின் பைக்குள்ளேயே இருந்தது. அதன் முதல் பக்கம் ஒரு வகுப்பறை. ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து தன் ஊரைச் சொல்கிறாள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "தீவான் ஒண்டு வந்திருக்கு." வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. எழுந்து நின்ற பிள்ளை ஜசிந்தாதான். அந்தப் பெயரை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு அதற்கு உடம்பும் தோளும் கீறினாள்.

"முதலாவது இப்ப கைவசம் இல்லை," என்றாள் ஜசிந்தா. "இருபத்திமூண்டைக் கொண்டுபோம். கடற்சண்டை அதிலதான் இருக்கு."

இந்த இடத்தில் அவளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சூறாவளியோடு மல்லுக்கட்டுகிறவனைப் படைத்தவளுக்கு ஒரு தாதிப் பெண்ணிடம் என்ன பயம்? இரண்டு நாள் பேனையை மூடி வைத்தேன். பிறகுதான் விளங்கியது. சூறாவளி சினேகிதி இல்லை. நாற்பது வயதில் கிடைத்த சினேகிதியை ஒரு பக்கத்தால் இழக்க யாருக்கு மனம் வரும்?

4

பிரியவதனி இருபத்திமூன்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"சண்டை சோக்காயிருக்கு, அக்கா. ஆனா..."

"சொல்லும்."

"இவனுக்கு ஏன் இந்தப் பேர்? எங்கட வீட்டில ஏசுறதுக்கெல்லோ இப்பிடிச் சொல்லுறவை." சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜசிந்தா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

பின்னேரம் அண்ணன் றொபேட்டிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். தேவாலயப் பெருநாள் கூத்தில் ராசா வேஷம் கட்டுகிற ஆள்.

"முதலாவதைக் குடுத்தால், சிரிச்ச ஆக்களோட தன்னையும் சேத்துத்தான் சொல்லுறன் எண்டு நினைப்பாள், அண்ணை."

"சேத்துத்தானே சொல்லுறாய்?"

ஜசிந்தா கழற்றிப் போட்ட நட்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"இஞ்ச பார், கூத்தில ராசா வந்தவுடன வாளையே தூக்கிறவர்? தான் ஆர், எந்த நாடு எண்டு வரவுப் பாட்டுப் பாடிக்கொண்டெல்லோ வாறவர். நீ உன்ர ஆளை வரவுப் பாட்டில்லாமல் அனுப்பிப்போட்டு, ஆரெண்டு கேக்கிறாளெண்டு அழுறாய்."

"நான் எங்க அழுதனான்?"

"சரி, அழேல்லை. அந்த ஸ்பானரை எடு."

(சஞ்சிகை ஆசிரியரின் கவனத்துக்கு: நீங்கள் கேட்ட கட்டுரையை றொபேட் முடித்துவிட்டான். நாயகன் தான் யாரென்று சொல்லும் இதழிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். படம் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

மறுநாள் ஜசிந்தா முதலாம் இதழை நீட்டினாள். "இதிலயிருந்து துவங்கும். அண்டைக்கு இல்லையெண்டு சொன்னது பொய்."

முடிவு ஒன்று: பிரியவதனி வாசித்துவிட்டு ஓடிவந்து ஜசிந்தாவின் கைகளைப் பிடித்துக் கண்ணீர்— [வெட்டிவிட்டேன். இப்படிக் கண்ணீர் சந்தையில் மலிந்து கிடக்கிறது.]

முடிவு இரண்டு: முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பஸ்ஸில்— [இதையும் வெட்டினேன். அவள் அவ்வளவு சின்ன மனசுக்காரி இல்லை.]

பிரியவதனி யன்னலடியில் நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். வகுப்பில் சிரிக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். வெளியே நோயாளிகள் துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஜசிந்தா ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"அக்கா," என்றாள் பிரியவதனி. குரல் தழுதழுக்கவில்லை. "நான் அந்த வகுப்பில இருந்திருந்தால், நானும் சிரிச்சிருப்பன்."

ஜசிந்தா அவளைப் பார்த்தாள்.

பிரியவதனி கடைசிப் பக்கம்வரை புரட்டி, இதழை மூடினாள். "ரெண்டாவதைத் தாங்கோ."

6

ஜசிந்தா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இரண்டாவதை எடுத்துக் கொடுத்தாளா, நாளைக்குப் பார்ப்போம் என்றாளா, பதில் சொல்லாமல் நோயாளிகள் பக்கம் திரும்பினாளா? அந்தப் பக்கத்தை நீங்களே கீறிக்கொள்ளுங்கள். பிரியவதனியை மன்னிப்பதும் விடுவதும் உங்கள் பாடு.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எப்படிக் கீறினாலும் ஜசிந்தாவின் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். ஒரு நூல் குனிந்திருந்தாலும் அடுத்த வள்ளத்தில் ஏறி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். நானும் தீவான்தான்.