வழியனுப்பும் காட்சிக்குப் பாட்டு

லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா, சாயம் போகிற சேலையைக்கூடச் சிரித்த முகம் மாறாமல் விற்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குப் பெரம்பலூர் வீடியோ கடையில், மகள் பர்சானாவின் கல்யாண சிடியைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டியது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் காரில் ஏறும் இடம். பர்சானா அழுகிறாள். கூடவே, காதலனைப் பறிகொடுத்தவள் பாடும் சினிமாப் பாட்டு. அடுத்த நொடி திரையில் அவளுடைய மாமி மகன் அஸ்லாம், எங்கோ பார்த்தபடி நிற்கிறான். மறுபடி அவள் கண்ணீர்.

"என்ன தம்பி இது? ரெண்டு பேருக்கும் என்னமோ இருந்த மாரில்ல இருக்கு!"

படத்தோடு பாட்டைச் சேர்த்து மிக்ஸிங் செய்யும் தங்கராசு அசரவில்லை. "அழுவுறதுக்கு அழுவுற பாட்டு போட்டேன் பாய். பாட்டு நீளம், படம் பத்தல. அந்தப் பையன் சும்மா நின்னாரு, சொருவிட்டேன்."

"சொருவுறதுக்கு அவன்தான் கெடச்சானா? பிரியாணி அண்டா இல்லியா?"

விடிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். சிடி அவரோடு போக வேண்டும். மாப்பிள்ளை அனஸ் கல்யாணமான இருபதாம் நாளே அங்கே திரும்பிவிட்டான். அவனோடு ஒரே அறையில் ஏழு பேர். எல்லாரும் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

"அஸ்லாமைத் தூக்கிடு. பாட்டும் வேணாம். பெத்த அத்தா வூட்டை வுட்டுப் போற புள்ள அழுவத்தானே செய்யும்? கேமராவுல உள்ள சத்தத்தை அப்படியே வையி. எவனுக்கும் சந்தேகம் வராது."

தங்கராசு பாட்டை எடுத்தான். கார் உறுமியது. பெண்களின் பேச்சு இரைந்தது. கேமரா கிட்டே போனதும் பர்சானாவின் குரல் தனியாகக் கேட்டது. தாய் சாகிராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நான்தான் வேணாம்னு சொன்னேனேம்மா... நீங்க அத்தாகிட்ட சொல்லவே இல்லியா?"

அந்த நேரம் ஷஃபியுல்லா காருக்குப் பின்னால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சாகிரா இன்றுவரை அதைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

தங்கராசு படத்தை நிறுத்தினான். அவர் பக்கம் திரும்பவில்லை. "இன்னொரு தடவ ஓட்டட்டுமா பாய்?"

"வேணாம். சந்தோசமான பாட்டு ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"அழுவுற படத்துக்கா?"

"நல்லா சத்தமா இருக்கணும்" என்றார் ஷஃபியுல்லா. "கார் கண்ணுக்கு மறையிற வரைக்கும் வரணும். நடுவுல எங்கயும் நிக்கப்படாது."