பத்து நிமிடச் சூடு

காலை ஆறு மணிக்கே அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தத் தகரக் கொட்டகையில் ஸ்குரூ டிரைவர்கள் சுழலத் தொடங்கிவிட்டன. பழைய லேப்டாப்புகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றைத் திறந்து, உள்ளே சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றி, அதன் அடியில் காய்ந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசை தடவிப் பொருத்த வேண்டும். ஷைலாவின் கட்டைவிரல் மரத்துப்போய் ஒரு வருஷமாகிறது. பக்கத்து நாற்காலி காலியாகி நான்கு நாள் ஆகிறது.

அது ஞானசௌந்தரியின் நாற்காலி. ஏழு மாதம் முன்பு கரையான்சாவடியிலிருந்து வேலைக்கு வந்தவள். வயதில் மூத்தவள் என்றாலும் வேலையைக் கற்றுக்கொடுத்தது ஷைலாதான். முதலில் மிஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். அந்தச் சூட்டில் பசை இளகும். பிறகு அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை மொத்தமாகக் கழற்றி ஓரம் வைத்துவிட வேண்டும். ஸ்குரூக்களின் அருகே எண் பொறித்திருக்கும். கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் தானே விட்டுக்கொடுக்கும்.

பொங்கல் கழிந்ததும் முதலாளி பூபாலன் ஒரு நாளைக்கு ஆளுக்கு நாற்பது லேப்டாப் என்றிருந்ததை எழுபது ஆக்கினார். மிஷின்களை ஓடவிடும் மேசையை இடத்தை அடைக்கிறது என்று தூக்கிவிட்டார். சூடு காட்டாத பசை கல்லாகவே இருந்தது. தட்டை முனை ஸ்குரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பலாம் என்று கண்டுபிடித்தவளும் ஷைலாதான். பேட்டரியைக் கழற்றவும் யாருக்கும் நேரமில்லை. இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு அதை உள்ளேயே விட்டுவைத்தார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு ஹீட் சிங்க் அசையவே மாட்டேன் என்றது. ஞானசௌந்தரி இருமுறை திருகிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நெம்புக்கா. இன்னும் எத்தினி கீது பாரு."

தலையைக்கூடத் தூக்காமல்தான் ஷைலா அதைச் சொன்னாள். ஞானசௌந்தரி நெம்பினாள். வழுக்கிய முனை பேட்டரிக்குள் இறங்கியது. ஒரு சீறல், வெள்ளைப் புகை, அப்புறம் தீ. அவளுடைய வலது கை வெந்துபோனது. வலது கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஷைலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தாலும் 'நெம்பு' என்ற அந்த ஒரு சொல்தான் வாய்க்கு வந்தது.

இன்று பத்து மணிக்குப் பூபாலன் ஒரு தாளோடு வந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எதிர் வரிசை அஞ்சலை, தன் பக்கத்தில் வேலை பார்க்கும் ராதிகாவைப் படிக்கச் சொன்னாள். பேட்டரியைக் கழற்றும்படி பலமுறை சொல்லியும் ஞானசௌந்தரி கேட்கவில்லை, விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தது. கையெழுத்து விழுந்தால் ஞானசௌந்தரிக்கு வேலையும் இல்லை, இழப்பீடும் இல்லை.

அந்தத் தாளில் ஷைலாவின் பெயர் எங்குமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சொல்லும் புதைந்துவிடும், யாருக்கும் தெரியவராது. அப்படி ஒரு நிமிஷம் நினைத்த தன் மனசைக் கண்டுதான் அவள் பயந்து எழுந்தாள்.

"நான்தான் சார் நெம்பச் சொன்னேன்."

பூபாலன் சிரித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. அதையே எழுதிக் குடு. நான் யாரையாவது நெம்பச் சொன்னேனா?"

"நீங்க சொல்லல சார். பத்து நிமிஷத்த எடுத்துக்கினீங்க. மிச்சத்த நாங்களே பண்ணிக்கினோம்."

"தப்புப் பண்ணது நீங்க ரெண்டு பேரு. அதுக்கு நான் பொறுப்பா?"

அஞ்சலை தன் தட்டை எடுத்துவந்து அவர் முன் கவிழ்த்தாள். காலையிலிருந்து கழற்றி, இன்னும் திரும்பப் பொருத்தாத ஹீட் சிங்குகள் மேசையெங்கும் சிதறின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பளபளவென்று ஒரு கீறல்.

"இதெல்லாம் நான் நெம்புனது. என் பேரையும் எழுதிக்க நைனா."

ராதிகா தன் தட்டைக் கொண்டுவந்தாள். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பதினோரு தட்டுகள் அவர் முன் வந்து சேர்ந்தன. வெளியே போங்கள், வேலை கேட்டு கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்றார் பூபாலன். போனார்கள்.

எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ராதிகா எழுதினாள். நாங்கள் எல்லோரும் நெம்பினோம், நெம்பாமல் எழுபது முடிக்க முடியாது என்று தொடங்கியது கடிதம். திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் கொடுப்பதாகப் பேச்சு. அங்கே எடுத்துக்கொள்வார்களா, அதுவரை இந்தப் பதினோரு பேரும் நிற்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. முதல் கையெழுத்தை ஷைலா போட்டாள்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை விட்டார்கள். ஞானசௌந்தரியின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. ஷைலா கட்டிலருகே போகாமல் கால்மாட்டிலேயே நின்று கடிதத்தைப் படித்தாள். தானே சேர்த்திருந்த 'நெம்பச் சொன்னது நான்' என்ற வரியில் நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்துப் படித்து முடித்தாள். ஞானசௌந்தரியின் கட்டுப் போடாத கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

"உன் பேரு எங்க கீது?"

"மொதல்லக்கா."

"அதுக்குக் கீழ எடம் விட்டியா?"

இடம் இல்லை. அஞ்சலையின் பெயர் அங்கே நெருக்கிக்கொண்டு நின்றது. ஷைலா அருகே வந்து, கட்டிலில் அவள் இடப்பக்கம் இருந்த பைபிள்மேல் தாளை விரித்து, ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினாள். ஞானசௌந்தரி இடது கையில் பேனாவை வாங்கினாள். பழக்கமில்லாத கை. முதல் எழுத்தே கோணியது. அவள் நிறுத்தவில்லை.

தாள் நழுவாமல் ஷைலா பிடித்துக்கொண்டாள்.