அம்மா போட்ட இரண்டு டிக்

1.

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. போன வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. திருப்தியா, அந்த முடிவை எடுத்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டு ஆஸ்பத்திரி கட்டம் போட்ட தாள் அனுப்பியது. ஐந்து என்றால் மிக அதிகம். அம்மா திருப்திக்கு ஐந்தில் டிக் அடித்தாள். வருத்தத்துக்கும் ஐந்தில்.

போன வாரம் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "ரெண்டும் ஒத்து வரலையே, தவறிப் போட்டுட்டாங்களோ? புதுத் தாள் அனுப்பறேன்."

2.

முதல் தொடக்கம்: "குன்வோர் தன் ஆடுகளை விற்ற அன்று மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டுக் கடலின் மேல்..."

(வேண்டாம். குன்வோர் என்று எழுதியது அம்மாவைத்தான்; அவள் ஒரு ஆட்டையும் விற்கவில்லை. அவள் வருத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆடுகளின் தலையில் கட்டினேன்.)

இரண்டாவது: "அந்த மே மாதம் குட்டிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்..."

(பக்கத்து வீடே கிடையாது. படகுத்துறை வரை நாங்கள் மட்டும்தான்.)

3.

சரி, நடந்ததை எழுதுகிறேன். டாக்டர் இரண்டு வழி சொன்னார். உள்ளே வளையம் வைத்துக் காலம் தள்ளலாம். அல்லது அறுவை, ஆனால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஆடுகள் குட்டி போடுகிற ஆறு வாரம் அது. அம்மா வளையம் போதும் என்றாள். "நீ ஆபரேஷன் பண்ணிக்கோ, குட்டிகளை நான் பாத்துக்கறேன்" என்றேன். பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். அறுபத்திரண்டு குட்டிகள் பிழைத்தன. அம்மாவுக்கும் சரியாகிவிட்டது. நான்தான் பள்ளிக்குத் திரும்பவில்லை.

[அடிக்குறிப்பு: வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் குரல் எழும்பாது. ஆடுகளைக் கூப்பிட எனக்கு இருக்கிற குரலே போதும்.]

4.

இன்று மத்தியானம் புதுத் தாள் வந்தது. அம்மா ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வருத்தத்துல ஒண்ணு போடேன். டாக்டர் பாவம், அவர் கைக்கில்ல கெட்ட பேரு."

"கை நல்ல கைதான். தீவன மூட்டையத் தூக்கறேன், ஒரு சொட்டு நீர் கசியல. அதுக்குத்தான் திருப்தில அஞ்சு போட்டேனே."

"அப்ப வருத்தம் எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதடி, சுனிவா."

"நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"தொழுவத்துல ஒளிஞ்சுக்கிட்டு நோட்டு நோட்டா எழுதறதுக்குப் பேரு சந்தோஷமா? ஆகஸ்ட்ல பள்ளிக்கூடம் போ. நீ சொல்ற கட்டத்துல போடறேன்."

"இது மிரட்டல்."

"கேட்டாங்க, சொல்றேன். இதுல மிரட்டல் எங்க வந்துது?"

புதுத் தாளிலும் வருத்தத்துக்கு ஐந்திலேயே, காகிதம் கிழியும்படி, டிக் அடித்தாள்.

5.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஆகஸ்டில், பள்ளி இருக்கிற பெர்கனுக்குப் படகு ஏறுகிறேன். மற்றதில் தொழுவத்திலேயே இருக்கிறேன். முதலாவதில் நான் வீராங்கனை, இரண்டாவதில் பரிதாபம். இரண்டையும் அடித்துவிட்டேன்.

தாளை உறையில் போட்டு ஒட்டியாயிற்று. அம்மா மாற்ற மாட்டாள். நானும் மாற்றச் சொல்லப்போவதில்லை. இந்த எண்களைக் கூட்டிப் பார்க்கிறவர்களே, அந்த ஐந்தை டாக்டர் மேல் போடாதீர்கள். என் பெயரில் போடுங்கள்.

ஆகஸ்டில் என்ன செய்யப்போகிறேன் என்பதை மட்டும் இந்த நோட்டில் எழுத மாட்டேன். எழுதினால், செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.