இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

நவம்பர் பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் பேருந்தைவிட்டு இறங்கிய எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். அப்புறம் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாள் மாலை பொது மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இறந்துபோனார்.

மனைவி அந்தக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. நடைவழி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. செவிலி இரண்டு தடவை வந்து சுவரிலிருந்த கொக்கியைக் காட்டிவிட்டுப் போனாள். மனைவி தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதே மருத்துவமனையில் அவள் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறாள், அடித்தளத்துச் சலவைக்கூடத்தில். மேலேயிருந்து அழுக்கு விரிப்புகள் மூட்டைமூட்டையாக வரும். வெளுத்து, மடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அவற்றில் படுத்திருந்தவர்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஊரிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்ட மகன் முதலில் அழுதான். அழுது ஓய்ந்ததும் டாக்டரிடம் தான் பேசியதைச் சொன்னான். அப்பாவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது உடம்பில் வெறும் ஸ்வெட்டர்தான் இருந்ததாம்.

"ரெண்டு டிகிரி குளிரும்மா. அப்பா ஏன் கோட்டு இல்லாம இருந்தாரு?"

டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லி அவள் போனை வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இருவரும் பிழைப்புக்காக இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தபோது அவர் ரொட்டி ஆலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார், அவள் சலவைக்கூடத்தில் பகல் வேலைக்கு. முதல் குளிர்காலத்தில் அவர்களிடம் உருப்படியான கோட்டு ஒன்றுதான் இருந்தது. ஆலை மேஸ்திரி தனக்குப் போதவில்லை என்று கொடுத்த பழுப்புக் கம்பளிக் கோட்டு. காலையில் அவர் வந்து இறங்கும் பேருந்தில்தான் அவள் ஏறிப் போகவேண்டும். படியில் கால் வைக்கும்போதே அவர் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டிருப்பார். கோட்டு கை மாறும். அவர் ஸ்வெட்டரோடு தெருமுனை அறைக்கு ஓடுவார். அவள் கைக்குப் பெரிதாயிருந்த கோட்டுக்கையை உள்ளே மடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். கழுத்துப்பட்டியில் ரொட்டி வாசனை அடிக்கும். சாயங்காலம் அதுவே திரும்பிப் போகும், சோப்புத்தூள் வாசனையோடு. ஒரு நாளில் அவர்கள் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடங்கள்தான்.

அடுத்த வருடம் அவளுக்கென்று புதுக் கோட்டு வாங்கினார்கள். ஒருநாள் போட்டுப் போனாள். சாயங்காலம் வந்து, புதுசு சில்லென்று இருக்கிறது, சூடேறுவதற்குள் வேலைக்கூடமே வந்துவிடுகிறது என்றாள். அதோடு அது அலமாரிக்குள் போனது. ஊர் திரும்பும்வரை பழைய கோட்டுதான் கை மாறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் மகனுக்குத் தெரியாது. அவன் பிறந்தது ஊருக்குப் போன பிறகு. அந்துருண்டை போட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்த அந்தக் கோட்டைப் பார்த்து, வியர்க்கிற ஊரில் இது யாருக்கு என்று மருமகள் சிரிப்பாள். பழைய இடங்களைத் திரும்பப் பார்க்கக் கிளம்பிய இந்தப் பயணத்துக்கு மாமியாருக்கு மெல்லிய ஜாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். டிக்கெட் மகனுடைய செலவு.

வந்த இரண்டு நாளில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டார்கள். ரொட்டி ஆலை இருந்த இடத்தில் கட்டில், மேஜை விற்கும் கடை இருந்தது. தெருமுனை அறையின் ஜன்னலில் வேறு யாருடைய திரையோ தொங்கியது. மணியை அழுத்துவோமா என்றார். எதற்கு, போய் என்ன சொல்வது என்றாள். பேருந்து நிறுத்தம் மட்டும் அதே இடத்தில் இருந்தது. புதிதாகக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள்.

"நீ இங்கயே நில்லு. நான் முந்தின ஸ்டாப்புக்குப் போய் ஏறி வரேன்."

"சின்னப் புள்ளையா நீங்க?"

"பின்ன, டிக்கெட் போட்டு இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?"

போய்விட்டார். ஏறத் தெரியாமல் வேறு பேருந்தில் ஏறிவிடுவாரோ என்று அவளுக்கு ஒரே கவலை. பேருந்து வந்தது. மூன்றாவது ஆளாக இறங்கினார், அந்தப் பழைய கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தபடி. ஜாக்கெட்டைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு அவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். சூடு முதுகுவரை பரவியது. "ஓடு, பஸ் போயிடப் போகுது" என்றார். ஓட்டுநரும் அவள் ஏறப்போகிறாள் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவள் சிரித்துக்கொண்டே, நீங்கள் போங்கள் என்று கை காட்டினாள். பேருந்து கிளம்பிப் போன பிறகு திரும்பிப் பார்த்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் கீழே கிடந்தது.

மீசைக்காரர் மருத்துவமனை மாடியேறி வந்தார். அந்தக் காலத்தில் கணவரோடு ரொட்டி ஆலை அடுப்படியில் நின்றவர், ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர். இப்போது மீசை கிடையாது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. கணவர் இறந்த நேரத்திலிருந்து ஆவணங்களுக்காக அலைந்துகொண்டிருந்தார். டாக்டரிடமும் அவளுக்காகக் கேட்டுவிட்டு வந்திருந்தார். குளிரால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இதயம் ஏற்கெனவே பழுது என்றாராம் டாக்டர். உடலை ஊருக்கு அனுப்பலாம், ஆனால் எட்டு ஒன்பது நாள் ஆகும்.

"அதுவரைக்கும் எங்கண்ணே வெச்சிருப்பாங்க?"

"கீழ, குளிர்சாதன அறையில."

கைப்பேசி மறுபடி அடித்தது. அவள் எடுக்காததைப் பார்த்து மீசைக்காரரே எடுத்தார். மகனிடம் அன்றைக்கு நல்ல வெயில் என்றும், அப்பா புழுக்கத்தில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார் என்றும் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"வெயில் இல்லப்பா. கோட்டை எனக்குக் குடுத்தாரு."

"உங்களுக்குத்தான் ஜாக்கெட் இருந்துச்சேம்மா."

"இருந்துச்சு."

அப்பாவை எப்போது கொண்டுவருகிறீர்கள், எல்லாரும் முகம் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றான்.

"வேணாம்பா. ஏற்கெனவே குளிர்ல உக்காந்துட்டாரு. இன்னும் எட்டு நாள் ஐஸ்ல போட்டு வைக்க வேணாம். இங்கயே முடிச்சுடலாம்."

"எனக்கு விசா கெடைக்கவே பத்து நாள் ஆகும். அப்ப நான் பாக்கவே முடியாதா?"

"போன்ல காட்டறேன்."

"போன்ல" என்றான் மகன். வைத்துவிட்டான்.

மீசைக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "தங்கச்சி, பெத்த புள்ள. நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

"வரட்டும்ணே."

வெள்ளிக்கிழமை தகனக் கூடத்தில் சாம்பல் நிறச் சீருடை போட்ட ஊழியர், அவருக்குப் போட ஏதாவது உடை கொடுக்கலாம் என்றார். அவள் கோட்டின் கழுத்துப்பட்டியைத் தொட்டுக் காட்டினாள். போடலாம், ஆனால் உலோகம் கூடாது, பொத்தான்களை எடுத்துவிட வேண்டும் என்றார். கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றி மேஜைமேல் விரித்துக்கொண்டால் வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். மீசைக்காரர் மொழிபெயர்த்தார்.

அவள் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, தன் மார்பின் மேலேயே ஒவ்வொரு பொத்தானாக நூலை வெட்டினாள். கடைசிப் பொத்தானை அவளே ஒருமுறை மாற்றித் தைத்திருந்தாள். அது சீக்கிரம் வரவில்லை. ஊழியர் மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

"சீக்கிரம் போட்டுவிடச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

பகல் பன்னிரண்டரைக்கு எரித்தார்கள். மகன் கைப்பேசியில் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்பினாள். விமான நிலையச் சோதனையில் கருவி ஒலித்தது. ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு ஐந்து பொத்தான்களை எடுத்துத் தட்டில் போட்டாள். மறுபடி நடந்தாள். இந்த முறை ஒலிக்கவில்லை.